ஆட்கடத்தல் குறித்த இளங்கலை ஆய்வும் ஊர் விழிப்புணர்வும்

கேள்வி (சமூகவியல் மாணவி, யாழ்ப்பாணம்):
எனது இறுதியாண்டு ஆய்வுக்கு, வெளிநாட்டு வேலை என்ற பெயரில் நடைபெறும் ஆட்கடத்தலை எடுத்துள்ளேன். பாதிக்கப்பட்டவர்களை நேர்காண்பது முறையா? ஆய்வின் பயனை வடமராட்சிக் கிராமங்களுக்கு எவ்வாறு கொண்டு செல்லலாம்?

பதில் (விரிவுரையாளர்):
தங்கை, முதலில் எல்லையை வரையறுத்துக்கொள்ளுங்கள். ஆட்கடத்தலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையாகிய 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறையின்படி செயல் (ஆளைச் சேர்த்தல், கொண்டுசெல்லல் போன்றவை), வழிமுறை (ஏமாற்றுதல், அச்சுறுத்தல் போன்றவை), சுரண்டும் நோக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது ஆட்கடத்தல். 18 வயதுக்குட்பட்டோர் விடயத்தில் ஏமாற்றியதையோ அச்சுறுத்தியதையோ நிறுவ வேண்டியதில்லை. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் இதனைக் குற்றமாக்கியது. பாதிக்கப்பட்டவரிடம் நடந்ததை மீண்டும் சொல்லவைப்பது அவரது காயத்தைக் கிளறக்கூடும் என்பதால், பல்கலைக்கழக ஆய்வு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் உளவளத்துணையாளரின் உடனிருப்பும் இன்றி அதில் இறங்கவே வேண்டாம். கிராம அலுவலர்களையும் அபிவிருத்தி உத்தியோகத்தர்களையும் நேர்காண்பதே இளங்கலை நிலைக்குப் பொருத்தமானது என்பேன்.

பதில் (சனசமூக நிலையச் செயலாளர்):
எங்கள் வாசிகசாலைக்குத் தாராளமாக வாருங்கள், பிள்ளை. ஆனால் மேடைப்பேச்சு வேண்டாம். மாதர் சங்கக் கூட்டத்தில் உண்மையான ஒப்பந்தப் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்க்கவும், சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புவோரை நம்பாதிருக்கவும் சொல்லுங்கள். மியன்மாரில் ஆட்களை அடைத்துவைத்து இணைய மோசடி செய்யவைக்கும் முகாம்களில் இலங்கை இளைஞர்கள் சிக்கியதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் கணினி தெரிந்த பிள்ளைகள் ஏமாறமாட்டார்கள் என்று பெற்றோர் இன்னமும் நம்புகிறார்கள்.

பதில் (மாணவி):
மிக்க நன்றி. நேர்காணல் திட்டத்தை மாற்றி எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டுகிறேன்.