மறு: எசென்ஷியல் ஆயில் – ஆவியெண்ணெய்?

வணக்கம்.

நம் கலைச்சொல் அகராதியில் எசென்ஷியல் ஆயிலுக்கு, அதாவது தழை, பூ, தோல் போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஆவியாகும் மணமுள்ள எண்ணெய்க்கு, எந்தத் தமிழ்ச்சொல் என்ற கேள்விக்கு என் பதில் இது. கடைப் புட்டிகளில் "அத்தியாவசிய எண்ணெய்" என்று அச்சடித்து வருகிறது. எசென்ஸ் (சாரம்) என்பதிலிருந்து பிறந்த பெயரை "இன்றியமையாதது" என்று புரிந்துகொண்டதன் விளைவு. அகராதிக்குள் இதை விட வேண்டாம். "நறுமண எண்ணெய்" என்றால், செயற்கை வாசனை கலந்த தேங்காயெண்ணெயும் அதற்குள் நுழைந்துவிடும்.

என் பரிந்துரை ஆவியெண்ணெய். வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு நீலகிரித் தைலம் விட்டுப் பாருங்கள், சற்று நேரத்தில் சுவடில்லாமல் பறந்துவிடும். நல்லெண்ணெய் கறையாக நிற்கும், அது நிலையெண்ணெய்.

----

> தைலம் இருக்கப் புதுச்சொல் எதற்கு? இல்லையென்றால் வடியெண்ணெய் என்போம், செய்முறையும் விளங்கும்.

சித்த மருத்துவத் தைலங்கள் பெரும்பாலும் நல்லெண்ணெயில் மூலிகைச் சாறு சேர்த்துக் காய்ச்சியவை. தாளில் கறை விடும், அதாவது நிலையெண்ணெய். நீலகிரித் தைலம் தனிப்பெயராக அப்படியே இருக்கட்டும். அதைத் தரும் யூகலிப்டஸ் மரம் ஆஸ்திரேலியாவினுடையது, 1843-இல் நீலகிரிக்கு வந்து, விறகுக்காகப் பெருமளவு நடப்பட்டது.  

வடியெண்ணெயும் ஆரஞ்சில் இடிக்கிறது. அதன் தோலெண்ணெயை நீராவியில் வடிப்பதில்லை, பிழிந்தே எடுக்கிறார்கள். ஆனால் ஆவியாகும். ஆகவே ஆவியெண்ணெய்க்கே என் ஓட்டு.

----

> கருவிகளுக்கும் சொல் வேண்டும்.

கொதிகலத்துக்கு வாலை என்ற பழஞ்சொல்லே போதும். அடியில் தண்ணீர், அதற்கு மேலே சல்லடைத் தட்டு, தட்டின்மேல் தழை. தட்டு இல்லாமல் தழை நேரே அடியில் பட்டால் கருகல் வாடை ஏறும், பிறகு எதைச் செய்தாலும் முழுதாகப் போகாது. திணித்து அடைத்தாலும் கெடும்: நீராவி ஓரிடத்தில் வழி கண்டுகொண்டு அதிலேயே ஏறும், மற்ற தழை வெந்ததோடு சரி. நூறு கிலோ பச்சை யூகலிப்டஸ் தழைக்குச் சுமார் ஒரு கிலோ எண்ணெய் தேறும்.

ஆவி குளிர்ந்து இறங்குவது குளிர்சுருள், தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிய சுருள்குழாய். தொட்டித் தண்ணீர் சூடேறினால் எண்ணெயும் ஆவியோடு வெளியே போய்விடும். மூக்கைத் துளைக்கும் வாசனையே எச்சரிக்கை. கடைசியில் பிரிகலம், எண்ணெயும் நீரும் தனித்தனியாகப் பிரியும் பாத்திரம். "மிதப்பான்" என்று ஒருவர் முன்வைத்தது கிராம்பெண்ணெயில் தோற்றுவிடும், அது நீரைவிடக் கனம், அடியில் தங்கும்.

மிஞ்சும் வாசனை நீருக்குப் புதுச்சொல் தேடுவது வீண்வேலை. ஓமத் தீநீர் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. தீநீர் என்றே எழுதுங்கள்.

கலப்படம் பார்க்க: 70 சதவீத எத்தனால் ஐந்து பங்கில் ஒரு பங்கு நீலகிரித் தைலத்தைக் கலக்குங்கள். தெளிவாகக் கரைய வேண்டும். கலங்கினால் நிலையெண்ணெயோ மண்ணெண்ணெயோ சேர்ந்திருக்கலாம். குறிப்பில் ஒரு வரி சேருங்கள்: இதைக் குடிக்கக் கூடாது, குழந்தைக்கு வலிப்பே வரலாம்.

----

> அப்படியானால் மல்லிகை?

மல்லிகை வாலையின் சூட்டைத் தாங்காது. ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக ஓட்டினால் மெழுகுபோல் ஒன்று நிற்கும். அதை எத்தனாலில் கரைத்துக் குளிரவைத்து, மெழுகை வடிகட்டிவிட்டு எத்தனாலையும் ஓட்டினால் மிஞ்சுவதே விலை உயர்ந்த சரக்கு. இரண்டுமே ஆவியெண்ணெய் ஆகா. முதலாவதற்குப் பூமெழுகு பொருந்தும். இரண்டாவதற்குப் பூச்சத்து என்று வைக்கலாமா? சத்து என்றால் உணவு நினைவுதான் முதலில் வருகிறது, எனக்கே அரைமனம். வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.