வயசான நாய்க்கு வரும் நோயும் நாங்கள் பார்த்த பக்குவமும்

மதுரையிலிருந்து

எங்கள் அப்புவுக்குப் பதிமூன்று வயது முடியப்போகிறது. ஊரில் எல்லாரும் பொமரேனியன் என்று சொல்லும் வெள்ளைச் சடை நாய். டாக்டர் கார்டில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்றுதான் எழுதுவார். “வயசாயிருச்சு, இனிமே என்ன பண்றது” என்று அக்கம்பக்கத்தில் சொல்லக் கேட்டு மனசு விட்டுப்போய் இருப்பவர்களுக்காகவே இதை நீளமாக எழுதுகிறேன். வயசான நாய் இருமினாலும் சரி, தடுக்கி விழுந்தாலும் சரி, ராத்திரி முழுக்க அலைந்தாலும் சரி, அதற்குப் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அது என்னவென்று தெரிந்துவிட்டால் நாயின் பாதிக் கஷ்டத்தைக் குறைத்துவிடலாம்.

அப்புவுக்கு முதலில் வந்தது இருமல். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரி படுத்துக் கொஞ்ச நேரத்தில் வறட்டு இருமலாக ஆரம்பித்து, கடைசியில் வாந்தி எடுக்கப்போவது மாதிரி ஓங்கரித்து, ஒன்றும் வராமல் நின்றுவிடும். தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்றார் பக்கத்து வீட்டு அத்தை. சளிதான், மிளகு ரசம் ஊத்துங்க என்றார் இன்னொருவர். நாங்கள் அந்த வாரமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, இடது பக்க விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என் காதில் மாட்டிவிட்டு, “லப் டப்புக்கு நடுவுல உஷ்ஷுன்னு ஒரு சத்தம் கேக்குதா பாருங்கம்மா” என்றார். கேட்டது. இதயத்தின் இடது பக்கம் மைட்ரல் வால்வு என்று ஒன்று இருக்கிறது. வயதாக ஆக அது தடித்துப்போய், சரியாக மூடாமல், ரத்தம் கொஞ்சம் பின்னாலேயே கசிகிறது. அந்த உஷ் அந்தக் கசிவின் சத்தம். கசிவைச் சமாளிக்கப்போய் இதயம் வீங்குகிறது. சின்ன இன நாய்களுக்கு வயசான காலத்தில் வரும் இதய நோயில் இதுதான் அதிகமாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அப்புவின் இதயம் பெருத்துப்போய் மூச்சுக்குழாயை மேலே தள்ளிக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்த மாதிரி நாய்களில் சிலதுக்கு மூச்சுக்குழாயே தளர்ந்து அமுங்கிப்போவதும் உண்டாம். அந்த இருமல் வாத்து கத்துவது போல இருக்கும். வெளியிலிருந்து கேட்டால் நமக்கு எல்லாம் ஒரே இருமல்தான். அதனால் எக்ஸ்ரேவுக்கு யோசிக்காதீர்கள்.

பிமோபெண்டான் என்ற மாத்திரையைத் தொடங்கினார். காலை ஒரு வேளை, ராத்திரி ஒரு வேளை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். “இருமலுக்கு இதய மாத்திரையா, அதுவும் இந்த வயசுலயா?” என்று என் கணவர் கேட்டார். அப்போது டாக்டர் 2016-ல் வெளிவந்த எபிக் என்ற ஆய்வைப் பற்றிச் சொன்னார். வால்வு கசிந்து இதயம் பெருத்திருந்தாலும் மூச்சுத் திணறல் இன்னும் வராத 360 நாய்களை வைத்துச் செய்தது. இந்த மாத்திரை சாப்பிட்ட நாய்களுக்கு இதயம் செயலிழக்கும் கட்டம் ஏறக்குறைய 15 மாதம் தள்ளிப்போயிருக்கிறது. ஒரு நாயின் ஆயுசில் 15 மாதம் என்றால் எவ்வளவு! அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாய் நன்றாகத் தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா மேலே போய்க் கீழே வந்தால் ஒரு மூச்சு. முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். தூக்கத்தில் நிமிஷத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். கனவு கண்டு காலை உதறும்போது எண்ணக்கூடாது, ஓடிவிட்டு வந்து இளைக்கும்போதும் எண்ணக்கூடாது. என் மகள் பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பாள். பெரும்பாலும் இருபதும் இருபத்திரண்டுமாகவே இருக்கும். ஒரு சித்திரை மாதத்து ராத்திரி நாற்பதைத் தாண்டியது. அப்பு படுக்கவே மாட்டேன் என்று முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்திருந்தான். நாக்கு லேசாக நீலம் பாரித்திருந்தது. விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆட்டோ பிடித்தோம். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஆக்சிஜன் வைத்து லாசிக்ஸ் ஊசி போட்டார்கள். நோட்டைப் பார்த்த டாக்டர் என் மகளைத் தட்டிக்கொடுத்தார். காலையில் வந்திருந்தால் கஷ்டம் என்றார்.

அன்றிலிருந்து லாசிக்ஸ் மாத்திரையும் சேர்ந்துகொண்டது. அது நீரைப் பிரித்து வெளியேற்றுகிற மருந்து. நிறைய சிறுநீர் போகும், நிறைய தண்ணீரும் கேட்கும். “குடிக்கிற தண்ணியைக் குறைச்சா வீடு நனையாதுல்ல” என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீரகம் அடிவாங்கும். என் மாமியார் ஹாலில் ஒன்று, அடுப்படி வாசலில் ஒன்று என்று சட்டி வைத்துவிட்டார். ராத்திரி ஒரு தடவை எழுந்து வெளியே விடுவோம். சில மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினினும், கூடவே பொட்டாசியம் என்ற உப்பின் அளவும் பார்க்கிறோம். அப்பளம், கருவாடு, சிப்ஸ், பேக்கரி பிஸ்கட் எல்லாம் நிறுத்தியாகிவிட்டது, உப்பு கூடினால் நீர் கோக்கும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு சேர்த்துப் போடும் ஹார்னஸ் வாங்கினோம். கழுத்தை இழுத்தாலே இருமல் வந்துகொண்டிருந்தது, அது நின்றது. வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருமுனை வரைக்கும் ஒரு நடை. அவனாக நின்றால் நாங்களும் நிற்போம், இழுப்பதில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் எங்கள் கருப்பியைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. நாட்டு நாய், பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்கும். தெருவில் பிறந்து எங்கள் திண்ணையில் வளர்ந்தவள்.

ஒருநாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. எழுந்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து விழுகிறாள். தலை ஒரு பக்கம் திரும்பியே இருக்கிறது, வாந்தி. கண்ணைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கருவிழி நிற்காமல் இடமும் வலமுமாகத் துடிக்கிறது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வாதம் அடிச்சிருச்சு என்றார்கள், யாரோ விஷம் வெச்சிருக்காங்க என்றார்கள். வெறி பிடித்திருக்குமோ என்று ஒருவர் சொன்னதும் கூட்டம் பின்வாங்கியது. வருஷா வருஷம் போட்ட தடுப்பூசி அட்டை கையில் இருந்ததால் அந்தப் பேச்சு அடங்கியது. ஊசி போட்டு முடிச்சிடுங்க என்று ஒரு பெரியவர் சொன்னார், பாவப்பட்டுத்தான் சொன்னார்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வேனில் கொண்டுபோனோம். காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்கள், கால்களை மடக்கி வைத்து அவளே திருப்பி வைக்கிறாளா என்று பார்த்தார்கள். திருப்பி வைத்தாள். உள்காதில் உடம்பைச் சாயாமல் நிறுத்துகிற ஒரு பாகம் இருக்கிறதாம். வயசான நாய்களுக்கு அது திடீரென்று தடுமாறிவிடும், பெரும்பாலும் காரணமே தெரியாதாம். முதல் மூன்று நாள்தான் மோசம், இரண்டு மூன்று வாரத்தில் நடந்துவிடுவாள், பயப்படாதீங்க என்றார் அந்த டாக்டரம்மா. வாந்திக்கு மட்டும் ஊசி போட்டார்.

வீட்டுக்கு வந்து நெல் சாக்கை மடித்து நான்கு பக்கமும் அண்டக்கொடுத்து, நடுவில் படுக்க வைத்தோம். அப்படி முட்டுக்கொடுத்தால் அவளுக்குச் சுற்றுவது குறைகிறது. அந்தரத்தில் தூக்கினால் மிரண்டு காலை உதறுவாள். அதனால் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து, கால் தரையில் பாவும்படி பிடித்துத்தான் வெளிக்குக் கூட்டிப்போவோம். சட்டியில் வைத்தால் வாய் எட்டாது, சோற்றை உருட்டி உள்ளங்கையில் வைத்து ஊட்டினோம். அந்த வார இறுதியிலேயே சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். தலை மட்டும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. அதோடு குப்பைவண்டியைத் துரத்திக்கொண்டு போகிறாள். வயசான நாய் திடீரென்று சுருண்டு விழுந்தால், கண் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து

சுருக்கமாக ஒன்று. பெண் நாய்க்குக் கருத்தடை செய்யாமல் விட்டிருந்தால், தீட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதம் கவனமாக இருங்கள். எங்கள் வீட்டு நாய்க்குப் பதினொரு வயது. திடீரென்று பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் குடித்தாள், சாப்பாடு இறங்கவில்லை, பின்னால் சீழ் கசிந்தது. சர்க்கரையா கிட்னியா என்று குழம்பினோம். வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்ததும் கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருப்பது தெரிந்தது. இந்த வயதில் ஆபரேஷன் தாங்குவாளா என்று கேட்டோம். ஆபரேஷன் பண்ணாவிட்டால்தான் தாங்கமாட்டாள் என்றார்கள். அன்றே செய்தார்கள். நன்றாக இருக்கிறாள். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடுமாம், அது இன்னும் ஆபத்து.

கோவையிலிருந்து

எங்கள் லாப்ரடார் ராணி போன ஐப்பசியில் போய்விட்டாள். அவளோடு இருந்த கடைசி இரண்டு வருஷத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இடுப்பு மூட்டு தேய்மானம். பளபளவென்று டைல்ஸ் போட்ட வீடு. பின்னங்கால் இரண்டும் வழுக்கி விரிந்துபோகும், எழ முடியாமல் என்னைப் பார்ப்பாள். படுக்கும் இடத்திலிருந்து வாசல் வரை யோகா மேட்டுகளை வரிசையாக விரித்தோம். பாதத்துக்கடியில் விரல் இடுக்கில் முடி வளர்ந்திருக்கும், அதை வெட்டி, நகத்தையும் குறைத்தோம். இந்தச் சின்ன வேலையே அவ்வளவு வித்தியாசம் காட்டியது. அதைவிடப் பெரிய வித்தியாசம் எடையைக் குறைத்ததில். சோற்றில் பாதியை எடுத்துவிட்டுப் பூசணியும் பீன்ஸும் வேகவைத்துப் போட்டோம்.

வலிக்கு டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் மருந்து கொடுத்தார். இதை எல்லாரிடமும் கெஞ்சிச் சொல்கிறேன்: வீட்டு மாத்திரை டப்பாவிலிருந்து எடுத்து நாய்க்கு எதையும் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தமாகப் போகவைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போய்விடும்.

கடைசி மாதங்களில் எழவே முடியவில்லை. அப்போது பயப்பட வேண்டியது படுக்கைப் புண். முழங்கையிலும் இடுப்பு எலும்பு துருத்திய இடத்திலும் முதலில் முடி உதிரும், பிறகு தோல் சிவக்கும். அந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். கனமான மெத்தை, அதன்மேல் நனைந்தால் மாற்றும்படி பழைய காட்டன் புடவை. மூன்று நாலு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வைப்போம், ராத்திரியும்தான். நானும் தம்பியும் முறை வைத்துக்கொண்டோம். ஈ மொய்க்காமல் பகலிலும் கொசுவலை கட்டினோம். நம் ஊர் வெக்கைக்குச் சின்னக் கீறலில்கூட ஒரே நாளில் புழு வைத்துவிடும். வாலுக்கடியில், தொடை இடுக்கில் தினமும் முடியை விலக்கிப் பாருங்கள்.

சாப்பாட்டைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். மருந்துக்கும் அடங்காமல் ராத்திரியில் முனகினாள். அம்மா குரல் கேட்டாலும் வால் அசையவில்லை. எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு எடுத்தோம். டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் மயக்க ஊசி, அவள் நன்றாகத் தூங்கியதும் அடுத்த ஊசி. அம்மா மடியில் தலை இருந்தது. அதைப் பாவம் என்று சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. அவள் முனகியதை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேட்டவர்கள் நாங்கள். அந்த முடிவு சரியானது என்றே இன்றும் நினைக்கிறோம்.

மதுரையிலிருந்து, மறுபடியும்

ராணியைப் பற்றிப் படித்து வீட்டில் எல்லாருக்கும் கண் கலங்கிவிட்டது தம்பி. மூன்று நாலு மணிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்று படுத்த நோயாளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாத்திரையைத் துப்பிவிடுகிறது, வாயைத் திறந்தால் கடிக்க வருகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நாங்கள் செய்வது இது. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிசைந்து சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டை. முதல் உருண்டை சும்மா. இரண்டாவதில் மாத்திரை. அதை வாயில் வாங்கும்போதே மூன்றாவதைக் கண்ணில் காட்டிவிட வேண்டும். அடுத்தது கைக்கு வந்துவிட்டது என்ற அவசரத்தில் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடுவான். சாப்பாட்டுக்கு முன் கொடுக்கும் மாத்திரைக்கு இவ்வளவு சின்ன உருண்டை பரவாயில்லையா என்று உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், எங்களுடையவர் சரி என்றார். சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கு மஞ்சள் கரு வேண்டாம், அதில் பாஸ்பரஸ் அதிகம். அதற்குக் குழைந்த சோற்று உருண்டையே போதும்.