பாட்டி 80: பொறந்தநாள் ஆல்பம் வேலை

பிறை சித்தி: பேப்பர் வாங்கியாச்சு. 12 தாள். எல்லாம் பெரிய ரோஸ் பூ, அவ்ளோ அழகு

தேவி: சித்தி, எதையும் ஒட்டிடாதீங்க

குமார்: டீச்சர் வந்தாச்சு

தேவி: 12க்கு 12 இஞ்ச் பக்கம் முழுக்கப் பெரிய பூ போட்டா மேல இருக்கிற 4க்கு 6 படம் முங்கிப் போயிரும். பட்டுப்புடவைய நினைச்சிக்குங்க. உடம்பு பிளெயின், கரையும் முந்தியும்தான் டிசைன். அடியில பிளெயின் கார்ட்ஸ்டாக், அதான் கெட்டித் தாள், ஒரு ஓரமா பெரிய பூ 2 இஞ்ச் பட்டை, அதை ஒட்டி பொடிப்புள்ளியோ மெல்லிசுக் கோடோ அரை இஞ்ச். போதும். ரெண்டு பெரிய டிசைன் பக்கத்துல பக்கத்துல இருந்தா சண்டை போடும்

கூலிம் பெரியம்மா: நம்ம குடும்பம் மாதிரி

கிள்ளான் மாமா: 👍

கூலிம் பெரியம்மா: கட்டைவிரல் காட்டுனா ஆச்சா தம்பி? பழைய ஆல்பம் எங்க

கிள்ளான் மாமா: பத்திரமா இருக்குக்கா

கூலிம் பெரியம்மா: அப்பா கருமாதியிலேர்ந்து பத்திரமாத்தான் இருக்கு

குமார்: சனிக்கிழமை சாப்பாட்டுக்கு எத்தனை பேரு? கேட்டரிங்காரரு கேக்குறாரு. ஆட்டிறைச்சி உண்டா

பிறை சித்தி: சனிக்கிழமை பாட்டி கவிச்சி தொடமாட்டாங்க!!

குமார்: நாம தொடுவோமே

தேவி: மாமா, அது பசை ஆல்பம். படத்தைப் பிடிச்சு இழுத்தா முதுகு கிழிஞ்சிரும். பிளாஸ்டிக்க மட்டும் தூக்கிட்டு, ஜன்னல் வெளிச்சத்துல, பிளாஷ் இல்லாம, நேர் மேலேருந்து எடுத்து அனுப்புங்க. அசல் வேணாம், பிரிண்ட் போட்டுக்கலாம். வீட்டுப் பிரிண்டர்ல போடாதீங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு மை கசிஞ்சிரும். போட்டோ கடைதான்

கிள்ளான் மாமா: பாக்குறேன்

கூலிம் பெரியம்மா: முதல் பக்கம் அப்பா படம்

தேவி: சரி பெரியம்மா. கறுப்பு வெள்ளைப் படம், அடியில கறுப்பு அட்டை மேட் வச்சா நல்லா எடுப்பா இருக்கும்

கூலிம் பெரியம்மா: கறுப்பா?? பொறந்தநாளா துக்கமா

தேவி: அப்ப அரக்கு. மேட் 4¼க்கு 6¼ வெட்டுங்க, சுத்தி 3 மில்லி கரை தெரியும். நடுவுல 3½க்கு 5½ துண்டை வெட்டி எடுத்து வச்சிக்குங்க, படத்துக்கு அடியில யாரு பாக்கப் போறா? பேர் எழுத ஆவும்

குமார்: கஞ்சம் ரத்தத்துலயே இருக்கு

தேவி: தண்ணீர்மலை காவடிப் படத்துக்குப் பூவே வேணாம். படத்துலயே அவ்ளோ கூட்டம். பாட்டி சேலைப் பச்சையில பிளெயின் மட்டும். சந்தேகம்னா எதையும் ஒட்டாம அடுக்கி, போன்ல கறுப்பு வெள்ளையா ஒரு படம் எடுத்துப் பாருங்க. படமும் பேப்பரும் ஒரே சாம்பலாத் தெரிஞ்சா பேப்பரை மாத்தணும். கோட்டுப் பேப்பர்னா ஸ்கேல் வச்சு ஒட்டுங்க, கொஞ்சம் சாய்ஞ்சாலும் காட்டிக் கொடுத்துரும். வெள்ளைப் பசை வேணவே வேணாம், தண்ணியக் குடிச்சுப் பேப்பர் அலை அலையா எழும்பும். ஆசிட் ஃப்ரீ, அதான் அமிலம் இல்லாத டபுள் டேப்தான்

கிள்ளான் மாமா: இவ்ளோ இருக்கா

பிறை சித்தி: தேவி

பிறை சித்தி: நான் ஒரு பக்கம் ஒட்டிட்டேன்மா

தேவி: எதுல?

பிறை சித்தி: டபுள் டேப்தான். அப்பா படம். பூ மேல

கூலிம் பெரியம்மா: 🤦

தேவி: அசலா??

பிறை சித்தி: பிரிண்டு பிரிண்டு

தேவி: அப்பாடா. தலைமுடி காயவைக்கிற டிரையர், குறைஞ்ச சூடு, தாளோட பின்பக்கமா அரை நிமிஷம். கிட்ட வச்சா படம் சுருண்டுக்கும். டேப் இளகுனதும் பல்லு குத்துற ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கு அடியில விட்டு ரம்பம் மாதிரி மெதுவா இழுங்க. நகத்தால நோண்டாதீங்க

பிறை சித்தி: ஃப்ளாஸ் இல்ல. பூக்கட்டுற நூல் ஆவுமா

தேவி: அது பஞ்சு, அறுந்துரும். தையல் பெட்டியில நைலான் இருக்கா பாருங்க

குமார்: ஆட்டிறைச்சி யாரும் சொல்லலையே

கிள்ளான் மாமா: 50 பேருக்குப் போடு

கூலிம் பெரியம்மா: போடாத. முதல்ல ஆல்பத்த அனுப்பு