உயிரைக் கொடுத்து ஆடியவர்கள்: காப், ரோஸ், அட்லி

கேள்வி:
அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களான டை காப், பீட் ரோஸ், சேஸ் அட்லி ஆகிய மூவரையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா? பந்து வீசும் பிட்சர் நான்கு பந்துகளைத் தவறாக வீசியதால் சும்மா கிடைக்கும் முதல் பேஸுக்குக்கூட (ரன் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் முதலாவது) நடந்து போகாமல் ஓடியே சென்றவர் ரோஸ். 1963இல் சின்சினாட்டி அணிக்கு வந்த புதிதிலேயே 'சார்லி ஹஸ்ஸில்' (ஹஸ்ஸில் என்றால் முனைப்போடு ஓடியாடுவது) என்ற பட்டப்பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அந்த முனைப்பு இன்றைய ஆட்டக்காரர்களிடம் இல்லை என்று மூத்த ரசிகர்கள் சொல்வது நியாயம்தானா?

பதில் 1:
விதிகளே மாறிவிட்டன என்பதை மறந்துவிடக் கூடாது. 1970இல், நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்தின் 12ஆவது இன்னிங்ஸில், கடைசிப் பேஸான ஹோம் பிளேட்டைக் காக்கும் கேட்சர் ரே ஃபாஸியை ரோஸ் இடித்துத் தள்ளி வெற்றி ரன்னை எடுத்தார். ஃபாஸியின் தோள் முறிந்தது. 2011இல் அதே போன்ற மோதலில் பஸ்டர் போஸியின் கால் முறிந்த பிறகு, 2014இல் ஹோம் பிளேட் மோதல்களுக்குத் தடை வந்தது. 2015இல் இரண்டாம் பேஸில் அட்லி சறுக்கிச் சென்று மோதியதில் ரூபன் தெஹாதாவின் கால் எலும்பு முறிந்ததால், மறு ஆண்டே இரண்டாம் பேஸுக்கும் விதி இறுகியது. ஆகவே எத்தனை பேரை இடித்துத் தள்ளினார் என்பது அளவுகோல் ஆகாது. எதிராளியின் எலும்பை முறிப்பதை நான் முனைப்பு என்று ஏற்கவும் மாட்டேன்.

பதில் 2:
முனைப்பு என்பது கால்களில் மட்டும் இருப்பதன்று. 1946இல், பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், 3-3 என்று சமநிலையில் இருந்த எட்டாவது இன்னிங்ஸில், ஹேரி வாக்கர் அடித்த பந்துக்கு ஈனஸ் ஸ்லாட்டர் முதல் பேஸிலிருந்து நிற்காமல் ஓடி ஹோம் பிளேட்டைத் தொட்டார். நடுக்களத்தில் டாம் டிமாஜியோ காயத்தால் வெளியேறி, அவரளவுக்கு வலுவாக எறியாத லியான் கல்பர்சன் நிற்பதை ஸ்லாட்டர் மனத்தில் வைத்திருந்தார். 2006இல் அட்லாண்டாவில், ரையன் ஹவர்ட் முதல் பேஸில் அவுட் ஆகிக்கொண்டிருந்த அந்தச் சில நொடிகளுக்குள் இரண்டாம் பேஸிலிருந்து ஹோம் பிளேட் வரை அட்லி ஓடி முடித்ததும் அதே வகைதான். அறுபது ஆண்டு இடைவெளியிலும் இருவரின் கணிப்பும் ஒன்றே.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மோதல்களை விலக்கிப் பார்த்தாலும் என் மனம் ரோஸ் பக்கமே சாய்கிறது. காப் 54 முறை ஹோம் பிளேட்டைத் திருடியவர், அதாவது பந்து அடிபடாமலே ஓடிப் பிடித்தவர். அவருக்கு வேகம் இயல்பாகவே வாய்த்திருந்தது. ரோஸோ 24 பருவங்களில் 198 பேஸ்களை மட்டுமே திருடியவர். அப்படியிருந்தும் 1985 செப்டம்பர் 11 அன்று 4,192ஆவது ஹிட்டை (பந்தை அடித்துப் பேஸைப் பிடிப்பது) அடித்து காப்பின் சாதனையைக் கடந்தார். 1975 மே மாதம், சக ஆட்டக்காரர் ஜார்ஜ் ஃபாஸ்டருக்கு, ரோஸ் நின்றுவந்த இடது வெளிக்களத்தில் இடம் தேவைப்பட்டபோது, பழக்கம் விட்டுப்போன மூன்றாம் பேஸைக் காக்க மாற ரோஸ் ஒப்புக்கொண்டார். அந்த ஆண்டும் மறு ஆண்டும் சின்சினாட்டியே உலகத் தொடரை வென்றது.