ஸ்பெயின் நாட்டுச் சோறு பயேயா செய்து பார்த்தவங்க அனுபவம் சொல்லுங்க

வலென்சியாவாசி:
ஸ்பெயின்ல இந்த வலென்சியாவுக்கு வந்து நாலு வருஷம். கீழ்வீட்டு அம்மா ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் பயேயா சாப்பிடக் கூப்பிட்டாங்க. கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், கர்ரோஃபோங்கிற பெரிய வெள்ளை மொச்சை. வெங்காயம் கிடையாது. "இறால் எங்கே?"ன்னு கேட்டேன். "அது வேற சோறு"ன்னுட்டாங்க.

அடுத்த வாரம் நானே இறங்கினேன். பயேயாங்கிறது அந்தச் சட்டியோட பேரு: அகலமா, ஆழமில்லாம, ரெண்டு பக்கமும் பிடி. கறியைச் சிவக்க வறுத்து, பீன்ஸை வதக்கி, துருவின தக்காளி சுண்டினதும் காரமில்லாத செம்மிளகாய்த் தூள். அது கருகினா கசந்துடும், உடனே தண்ணி. குங்குமப்பூ, போம்பா அரிசி. அதுவரை ஒரு குறையுமில்லை. அப்புறம்தான் கை சும்மா இருக்கலை. அடிபிடிச்சிடுமோன்னு நாலு தடவை கிளறினேன். போம்பா மூணு மடங்கு தண்ணி குடிச்சாலும் உடையாத அரிசி. அதையே பொங்கல் பதத்துக்குக் கொண்டுவந்துட்டேன். கீழ்வீட்டம்மா ருசி பார்த்துட்டு, "ரிசோத்தோ நல்லா வந்திருக்கு"ன்னாங்க. அது கிளறிக் கிளறிக் குழைவா செய்யற இத்தாலிச் சோறு.

ரெண்டாம் தடவை அரிசியைப் பரப்பினதும் கரண்டியைக் கழுவி உள்ளே வெச்சுட்டேன். முதல் பத்து நிமிஷம் பெரிய தீ, பிறகு சிறு தீ. தண்ணி வத்தினதும் சத்தம் மாறும். தளதளப்பு போய்க் கடுகு பொரியற மாதிரி சடசடன்னு கேக்கும். அப்போ ஒரு நிமிஷம் தீயைக் கூட்டி, மூக்கை நம்பி நிக்கணும். வறுத்த வாசம் வந்ததும் அணைச்சு, துணி போட்டு அஞ்சு நிமிஷம் மூடி வெச்சேன். அடியில பொன்னிறமா சொக்கரட். வேற ஒண்ணுமில்லை, நம்ம காந்தல்தான்! எங்க வீட்ல காந்தல் விழுந்தா சமைச்சவங்களுக்குத் திட்டு விழும். இங்கே அதைச் சுரண்டி எடுக்கப் போட்டி.

பாதிவெந்தவன்:
எனக்கு அடுப்புதான் எதிரி. 40 செ.மீ. சட்டி, சின்ன மின்னடுப்பு. நடுவுல கரி, ஓரத்துல நறுக் நறுக். சட்டியைத் திருப்பித் திருப்பி வெச்சும் பாதிதான் தேறுச்சு. இப்போ அடுப்பு அளவுக்குச் சின்னச் சட்டி, ரெண்டு பேருக்கு 200 கிராம் அரிசி, அவ்வளவுதான். சட்டியில அரிசி மெல்லிசா பரவியிருக்கணும். கனமா போட்டா சோறு வேகும், காந்தல் வராது.

அரைப்படி:
சென்னையில போம்பா கைக்குக் கிடைக்கலை. பொன்னி பச்சரிசி போட்டுட்டு, தண்ணியை மட்டும் போம்பா கணக்குல ஒண்ணுக்கு மூணு ஊத்தினேன். கஞ்சி. இறாலைப் பொறுக்கித் தின்னோம். அடுத்த தடவை சீரகச் சம்பா, ஒண்ணுக்கு ரெண்டு, பரவாயில்லை. குங்குமப்பூ விலையைப் பார்த்து மஞ்சள்தூள் போட்டதுல எலுமிச்சை சாத வாசம் வந்தது தனிக்கதை. ஆமா தம்பி, சோரிசோங்கிற பன்னிக்கறி சாசேஜைப் போட்டா அங்கே அடிப்பாங்களாமே?

வலென்சியாவாசி:
அக்கா, மஞ்சள்தூளுக்கு வெக்கப்படாதீங்க, இங்கேயும் நிறைய வீட்ல நிறத்துக்குக் கலர் பொடிதான். சோரிசோ விஷயம் நிஜம். 2016-ல பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவர் சோரிசோ சேர்த்த பயேயாவைப் போட்டு, ஸ்பெயின்காரங்ககிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார். கண்டதையும் போட்டுச் செஞ்சா இங்கே 'அர்ரோஸ் கோன் கோசாஸ்'னு கிண்டல் பண்ணுவாங்க, சாமான் போட்ட சோறுன்னு அர்த்தம். ருசியா இருக்காதுன்னு நான் சொல்லலை. பேரை மட்டும் மாத்திக்குங்க.

அது கிடக்கட்டும், சீரகச் சம்பாவுல காந்தல் விழுந்துச்சா?