பணிமாற்றங்களுக்கு நடுவே வீட்டில் பீர் தயாரித்த அனுபவம்

வேலை நிமித்தம் அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்கு பீர் தயாரிக்கும் பொழுதுபோக்கு ஒத்துவராது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் அனுபவம் அப்படியில்லை. 20 லிட்டர் கலனைக் கைவிட்டு 5 லிட்டர் அளவுக்கு இறங்கிய பிறகு எனக்கு எந்த வீடும் சிறியதாகத் தெரியவில்லை. அந்த அளவுக்குச் சமையலறைப் பாத்திரமே போதும். கொதித்த வோர்ட்டை (மால்ட் எனப்படும் முளைகட்டி உலர்த்திய தானியத்தின் இனிப்புச் சாறு), பனிக்கட்டி போட்ட தண்ணீரில் பாத்திரத்தோடு இறக்கி வைத்தால் விரைவில் ஆறிவிடும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், வாயுவை வெளியே விட்டு காற்றை உள்ளே விடாத ஏர்லாக், ரப்பர் குழாய், சிறு தராசு, குறிப்பேடு ஆகியவற்றை மட்டும் எடுத்துச் செல்கிறேன். வீட்டில் தயாரிப்பதற்கான சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், போகும் இடத்தில் அதற்கு அனுமதி உண்டா என்பதை முதலில் விசாரித்துக்கொள்வேன்.

ஊர் மாறும்போது பீரை அதிகம் பாதிப்பது தண்ணீர். ஓரிடத்தில் நன்றாக வந்த வெளிர்நிற ஏல் (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர் வகை), அதே மால்ட்டையும் கசப்பு தரும் ஹாப்ஸ் பூக்களையும் கொண்டு வேறோர் ஊரில் செய்தபோது மருந்து நெடியோடு வந்தது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின், பீரில் உள்ள பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனாலாக மாறுவதால் வரும் நெடி அது. மிகக் குறைந்த அளவிலேயே நாக்குக்குத் தெரிந்துவிடும். குளோரினைக் கொதிக்கவைத்தே போக்கலாம், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் அவ்வளவு எளிதில் போகாது. காம்ப்டன் எனும் சல்ஃபைட் மாத்திரையில் சிறு துண்டைப் பொடித்துக் கலந்தால் இரண்டும் நீங்கிவிடும். பைகார்பனேட் மிகுந்த கடினநீர் கிடைத்த இடத்தில் வெளிர்நிற பீரோடு மல்லுக்கட்டாமல் ஸ்டவுட் எனும் கருநிற பீர் பக்கம் திரும்பினேன், ஏனென்றால் வறுத்த மால்ட்டின் அமிலத்தன்மை அந்தத் தண்ணீரின் காரத்தன்மையை ஈடுகட்டும். செக் நாட்டுப் பில்சன் நகரின் மென்னீர், குளிரில் நொதிக்கும் வெளிர்நிற லாகருக்கும், இங்கிலாந்தின் பர்ட்டன் நகரின் சல்ஃபேட் மிகுந்த நீர் கசப்பு ஏலுக்கும் பொருந்திப்போனதும் இப்படித்தான். ஆகவே புது வீட்டுக்குப் போனதும் குடிநீர் ஆய்வறிக்கையைத் தேடிப் படித்துவிட்டே எந்த பீர் என்று தீர்மானிக்கிறேன்.

அடுத்தது வெப்பம். பெரும்பாலான ஏல் ஈஸ்டுகளுக்கு 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் தேவை. அதற்கு மேல் போனால் தொண்டையைச் சுடும் ஆல்கஹால்கள் உருவாகும். வெப்பமான ஓர் ஊரில், குளிர்பதனப் பெட்டிக்குள் கலனை வைக்கவும் இடமில்லாமல் இருந்த சமயத்தில், நெடுங்காலமாக பீர் தயாரித்துவந்த மூத்தவர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் ஒரு சிறு காகித உறையைக் கொடுத்தார். அதில் பழுப்பு நிறத்தில், விரலால் தொட்டாலே நொறுங்கும் சருகு போன்ற செதில்கள் இருந்தன. அது க்வெய்க் என்ற நார்வே பண்ணை வீடுகளின் ஈஸ்ட். அங்குள்ளவர்கள் அதை மரவளையங்களிலும் துணியிலும் படியவைத்து உலர்த்தி, அடுத்த தயாரிப்பு வரை பாதுகாத்திருக்கிறார்கள். 30 டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும் அது சுத்தமாக நொதிக்கும். வாசனையில் ஆரஞ்சுத் தோலின் சாயல் இருந்தது. நொதித்து முடிந்ததும் அடியில் தங்கும் வண்டலைப் பேக்கிங் தாளில் மெல்லியதாகப் பரப்பி, உலரவைத்து, உறையிலிட்டு உறைபெட்டியில் வைத்துக்கொள்ளும் முறையையும் அவரே பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். வீடு மாறும் என்னைப் போன்றவருக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்துவிட முடியாது.

வீட்டைக் காலி செய்யும் நாள் தெரிந்துவிட்டால் கணக்கைப் பின்னிருந்து போட வேண்டும். சாதாரண ஏலுக்கு நொதிக்க இரண்டு வாரமும், பாட்டிலில் வாயு பிடிக்க இரண்டு வாரமும் ஆகும் என்பதால், கடைசி ஆறு வாரங்களில் நான் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. அவசரம் என்று நொதித்தல் முடியாத பீரை அடைப்பது ஆபத்து. வாயு பிடிக்க லிட்டருக்கு 6 அல்லது 7 கிராம் சர்க்கரை சேர்க்கும் இடத்தில் எஞ்சிய சர்க்கரையும் கூடிக்கொண்டால், வண்டியின் சூட்டில் கண்ணாடி பாட்டில் வெடித்துவிடும். ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று நாள் அசையாமல் நின்ற பிறகே அடைக்கலாம். நிரப்பிய பாட்டில்களைக் கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் நன்கு குளிரவைத்து, மூடிய பெட்டியில் நிமிர்த்தி அடுக்கி, போய்ச் சேர்ந்ததும் ஒரு வாரமாவது அசைக்காமல் விட்டுவிடுங்கள். குலுங்கிக் கலங்கிய ஈஸ்ட் மீண்டும் அடியில் படிய அவ்வளவு நேரம் தேவைப்படும்.