மறு: ஆலைக் கணினியில் தேதி தப்பினால் அதற்கு என்ன பெயர்?

பெருந்துறையான் எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். சாயக்கழிவு சுத்திகரிப்பு நிலையங்களில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்காக ஒரு பாதுகாப்புக் கையேடு தயாரித்துக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாப் பாடமும் முடிந்தது, ஒன்றுக்கு மட்டும் தலைப்பு இல்லை. பம்பு, வால்வு, மருந்து விடும் கருவி இவற்றை ஓட்டுகிற கணினிக்குள் தேதி தப்பாகிவிட்டால் ஆளுக்கும் ஆற்றுக்கும் என்ன கேடு வரும் என்பதுதான் பாடம்.

இதெல்லாம் நடக்கிற கதையா என்று கேட்பவர்களுக்கு: 1996 லீப் வருடம். அந்த ஆண்டின் கடைசி நாள் நள்ளிரவில் நியூசிலாந்தின் டிவாய் பாயிண்ட் அலுமினிய உருக்காலையில் உலைகளைக் கவனித்த கணினிகள் மொத்தமாக நின்றன. ஆண்டுக்கு 366ஆவது நாள் ஒன்று உண்டு என்று அந்த நிரலுக்கு (புரோகிராமுக்கு) யாரும் சொல்லி வைக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, அங்கே நள்ளிரவு ஆனதும், டாஸ்மேனியாவின் பெல் பே உருக்காலையிலும் அதே கதை. டிவாயில் சூடு கட்டுக்கடங்காமல் அலுமினியம் உருக்கும் தொட்டிகள் சில வீணாகின. நட்டம் பத்து லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல்.

இரண்டு சொல்லுக்குள் ஒரு பெயர் வேண்டும். பாடம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும், அதனால் வாயில் நுழைய வேண்டும்.

அவிநாசியார் எழுதியது:

நாட்பிழை. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? நாள் + பிழை, ளகரம் டகரமாகும். தேதி என்பது திதியின் திரிபு, வடசொல். நாட்காட்டி என்று சொல்லத் தெரிந்த நாட்டுக்கு நாட்பிழை கசக்காது.

பருத்தித்துறையான் எழுதியது:

நாங்கள் திகதி என்றுதான் எழுதுவோம். திகதிப் பிழை என்றால் இங்கே எல்லாருக்கும் விளங்கும். அதுவும் வடசொல்தான் என்று அவிநாசியார் கோபிப்பார், பரவாயில்லை.

நொய்யல்கரை எழுதியது:

நான் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நாட்பிழை என்று தாளில் எழுதிக் காலை ஷிப்ட் ஆட்களிடம் காட்டினேன். ஒருவர் "நாட்டுப்பிழையா, எந்த நாட்டுப் பிழைங்க?" என்றார். இன்னொருவர் நாள் பார்த்ததில் தப்பா, கல்யாணம் யாருக்கு என்று கேட்டார். நம் பக்கம் நாள் என்றால் முகூர்த்தம்தான் முதலில் வரும். திகதியை எழுத்துப் பிழை என்று நினைத்து ஒருவர் பேனாவால் அடித்தே கொடுத்தார். மன்னிக்கணும் பருத்தித்துறையாரே.

சென்னிமலைப் புலவர் எழுதியது:

அன்புடையீர், புதிதாகச் சொல் தேடுவானேன்? எண்ணூறு ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நன்னூல் ஏழு வழுக்களைச் சொல்லும்: திணை, பால், இடம், பொழுது, வினா, விடை, மரபு. இவற்றுள் பொழுது மயங்குவதே காலவழு. "நாளை வந்தான்" என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த காட்டு. நாளைக்குத் திறக்க வேண்டிய வால்வு நேற்றே திறந்துவிட்டதாகக் கணினி கருதுமானால் அது "நாளை வந்தான்" அன்றி வேறென்ன?

வழு என்னும் சொல்லின் அழகையும் காண்க. வழுவுதல், வழுக்குதல், வழுக்கை, வழுவழுப்பு எல்லாம் ஒரு கொடியின் காய்கள். மேனி வழுவழுவென்றிருப்பதால்தானோ என்னவோ, கத்தரிக்காய்க்கும் வழுதுணங்காய் என்று பெயர். பிடி நில்லாமல் நழுவுவதே வழு. தேதியும் அப்படித்தான் நழுவுகிறது.

கொடுமுடிக் கணியன் எழுதியது:

புலவர் கத்தரிக்காய் வரை போனதால் நானும் துணிகிறேன். திதி, வாரம், நட்சத்திரம், யோகம், கரணம் என்பவை பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகள். கரணம் என்பது திதியில் பாதி. "கரணம் தப்பினால் மரணம்" என்று நம் முன்னோர் சொன்னது எதை? காலக்கணக்கு தவறினால் உயிர் போகும் என்பதைத்தான்! ஆலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? என் முன்மொழிவு: கரணத்தப்பு.

சென்னிமலைப் புலவர் எழுதியது:

கணியரே, அந்தக் கரணம் கழைக்கூத்தாடி கயிற்றின் மேல் அடிக்கும் கரணம். பஞ்சாங்கத்தை அங்கே ஏற்றினால் அதுவும் விழுந்துவிடும்.

கொடுமுடிக் கணியன் எழுதியது:

கூத்தாடி நல்ல நாள் பார்த்துத்தானே கயிறேறுகிறான்?

(இதற்கு வந்த மறுமொழிகளை விட்டுவிடுகிறேன். ஒரு முழு நாள் கயிற்றின் மேலேயே கழிந்தது. - பெருந்துறையான்)

பேனல்காரன், கணபதி எழுதியது:

ஐயா, காலவழு காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணித்தமிழில் வழு என்பதை நிரலில் உள்ள தப்புக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ஆலையில் தேதி தப்புவதற்கு நிரல் மட்டும் காரணமில்லை. நான் பேனல் கட்டுகிறவன், பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலாவது, புலவர் சொல்கிற வழு. டிவாய் உருக்காலையில் நடந்தது அது. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்து 2000இல் பயந்ததும் அது. 00இலிருந்து 97ஐக் கழித்தால் கணினி -97 என்று சொல்லும், போன சர்வீஸ் எப்போது என்ற கணக்கு தலைகீழாகும்.

இரண்டாவது, நிரலில் தப்பே இல்லை. போர்டில் இருக்கிற பட்டன் செல் தீர்ந்துபோகும். கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் 1970க்கோ 2000க்கோ போய் உட்காரும். நம் ஊரில் தினசரி நடப்பது இதுதான். ஐம்பது ரூபாய் சமாச்சாரம். இதை வழு என்றால் நிரல் எழுதியவன் சண்டைக்கு வருவான்.

மூன்றாவது, எண் நிரம்புவது. பழைய போர்டுகளில் பல 1970 ஜனவரி 1இலிருந்து நொடிகளை எண்ணி 32 பிட்டுக்குள், அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களுக்குள், வைக்கின்றன. அதில் 2,147,483,647 வரைதான் கொள்ளும். 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அது நிரம்பும். அடுத்த நொடியில் எண் கழித்தல் பக்கம் விழுந்து, தேதி 1901 டிசம்பருக்கு ஓடிவிடும். பொங்கல் நோம்பி முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்புகிற நேரம். அலுவலகக் கம்ப்யூட்டரை ஐந்து வருடத்தில் மாற்றிவிடுவார்கள், ஆனால் பம்பு பேனலை இருபது வருடமானாலும் யாரும் தொடமாட்டார்கள். இன்று நான் மாட்டுகிற போர்டு அன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ஜிபிஎஸ் கடிகாரமும் இதே ஜாதிதான். வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும், 2019 ஏப்ரலில் அப்படி வந்தது.

இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் கொடுங்கள். மூன்றாவதுக்கு மட்டும் என்றால் "தேதி புரளல்" என்பேன். ஸ்கூட்டர் மீட்டர் 99999க்கு அப்புறம் புரளுகிற மாதிரி.

அவிநாசியார் எழுதியது:

> இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒரு சொல் கொடுங்கள்.

நாட்பிழை மூன்றுக்கும் பொது. காரணம் எதுவானாலும் நாள் பிழைத்தது, அவ்வளவுதான். புரியாது புரியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எதுதான் புரியும்? மின்சாரம் என்ற சொல்லும் ஒரு காலத்தில் புரியாமல்தான் இருந்திருக்கும். தொழிலாளிக்குப் புரியாது என்று நாமே முடிவுகட்டுவது அவரைத் தாழ்த்துவது.

நொய்யல்கரை எழுதியது:

அண்ணா, தாழ்த்தவில்லை. அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். மின்சாரத்துக்குப் பழக நாள் இருந்தது. இரவு ஷிப்டில் அலாரம் அடிக்கும்போது கையேட்டைப் புரட்டுகிறவருக்கு அந்த நாள் இல்லை.

இன்னொன்று. எல்லாரும் தேதியைப் பற்றியே பேசுகிறோம். ஆசிட்டுக்குத் தேதி தெரியாது. தொட்டி நிறையும்போது அது பாட்டுக்கு நிறையும். தேதியை நம்பி எது ஓடுகிறதோ அதுதான் ஆபத்து. எங்கள் இடத்தில் மருந்து விடுவது டைமரில். கழிவுநீரின் அளவுகள் ஆன்லைனில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகின்றன. தேதி 1970 ஆகிவிட்டால் அந்த அளவுகளும் 1970ஆம் ஆண்டுப் பக்கத்தில் போய்ச் சேரும். இன்றைய பக்கம் காலி. வெளியே போவது என்ன தண்ணீர் என்று யாருக்கும் தெரியாது. 2000 பிறந்த நள்ளிரவில் ஜப்பானின் இஷிகாவாவில் ஓர் அணுமின் நிலையத்தில் இப்படித்தான் கதிர்வீச்சை அளக்கும் கருவி நின்றது. நல்லவேளை, கசிவு எதுவும் இல்லை. அலாரம் பதிவேட்டிலும் எது முதலில் நடந்தது என்று வரிசை குழம்பினால் விபத்துக்கு அப்புறம் காரணம் கண்டுபிடிக்க முடியாது.

சோதித்துப் பார்ப்பதிலும் ஆபத்து உண்டு என்பதைப் பாடத்தில் கட்டாயம் சேருங்கள். 1999 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸின் வேன் நைஸ் பகுதியில் இருக்கிற கழிவுநீர் நிலையத்தில் 2000ஆம் ஆண்டுக்கு ஒத்திகை பார்த்தார்கள். மதகு ஒன்று மூடிக்கொண்டது, ஏறக்குறைய நாற்பது லட்சம் கேலன் சாக்கடை பக்கத்துப் பூங்காவுக்குள் போனது. தேதி வருவதற்கு ஆறு மாதம் முன்பே!

நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத்தண்ணீரைப் பார்த்தவர்கள் நாம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாமல் ஓட்டுவது என்பது நடைமுறைக்கு வந்தது. அதை இன்றைக்குக் கணினிதான் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் சொல்கிறேன், படித்ததும் புரிகிற சொல் வேண்டும். தேதிக் கோளாறு. போதும்.

பேனல்காரன், கணபதி எழுதியது:

அம்மணி சொன்னதற்கு என் ஓட்டு. பேனலில் ஸ்டிக்கராகவே ஒட்டிவிடலாம்.

சென்னிமலைப் புலவர் எழுதியது:

கோளாறு என்று வந்தபின் நான் தடுக்கவில்லை. காலவழுவைக் கலைச்சொல் பட்டியலில் ஒரு மூலையில் போட்டுவையுங்கள், நிரல் வழுவுக்கு மட்டுமாவது. ஒற்றை விட்டு "தேதி கோளாறு" என்று அச்சடித்தால் மட்டும் கையேட்டைத் தொடமாட்டேன்.

கொடுமுடிக் கணியன் எழுதியது:

எனக்கும் சம்மதம். கோள் + ஆறு, கோள்கள் செல்லும் வழி. ஆக, கோளாறு என்ற சொல்லுக்குள்ளேயே காலக்கணிதம் இருக்கிறது! தேதியும் வானிலிருந்து வந்தது, கோளாறும் வானிலிருந்து...

சென்னிமலைப் புலவர் எழுதியது:

கணியரே, போதும்.

பெருந்துறையான் எழுதியது:

வியாழன் இரவாகிவிட்டது. தலைப்பு "தேதிக் கோளாறு". உள்ளே மூன்று பிரிவு: காலவழு, பட்டன் செல் தீர்தல், தேதி புரளல். நொய்யல்கரை அம்மணி கேட்டதுபோல், தேதியை நம்பி ஓடுகிற கருவிகளின் பட்டியலை ஒவ்வொரு நிலையமும் தானே எழுதிக்கொள்ளப் பாடத்தின் முடிவில் ஒரு பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். டைமரை அணைத்துக் கையால் ஓட்டுவது எப்படி என்பதும் சேர்ந்துவிட்டது. பெரும்பாலோர் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டீர்களா, களைத்துவிட்டீர்களா என்று கேட்க நேரமில்லை.

அவிநாசியார் எழுதியது:

நான் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்யவும். ஒற்று ஒழுங்காகப் போட்ட வடசொல்லும் வடசொல்தான். இரண்டாம் பதிப்பு எப்போது?